சோமநாதக் கதவுகளும் எலியட்டின் வரலாறும்

அரசுகள் வரலாற்றைத் திரிக்கும்போது பெரும்பாலும் எதையும் புதிதாகப் புனைவதில்லை. இருப்பவற்றுள் தமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி அடுக்குகின்றன. ‘சோமநாதக் கதவுகள்’ பற்றிய செய்தி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

1842 ஜனவரியில் காபூலிலிருந்து பின்வாங்கிய ஆங்கிலேயப் படை ஏறத்தாழ முற்றாக அழிந்தது. பழிதீர்க்கச் சென்ற படை, கஜ்னியில் சுல்தான் மஹ்மூதின் அடக்கத்தலத்திலிருந்த மரக்கதவுகளைப் பெயர்த்து வந்தது. அவை 1026இல் சோமநாதர் ஆலயத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டவை என்றும், எண்ணூறு ஆண்டு அவமானம் நீங்கிற்று என்றும் கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ நவம்பரில் பிரகடனம் செய்தார். ஆக்கிரமிப்புப் போருக்கு இவ்வாறு மீட்புப் போரின் வேடம் கிடைத்தது. கதவுகளோ தேவதாரு மரத்தாலானவை; குஜராத்தியக் கலைமரபைச் சேராதவை; அரபு எழுத்துகள் பொறிக்கப்பட்டவை. அவை சோமநாதம் சேராமல் ஆக்ராக் கோட்டையிலேயே தங்கிவிட்டன.

கதவுகளின் பொய் வெளிப்பட்ட பின்னரும் கதை நிலைத்தது. அதற்கு அறிவுலகத் தோற்றம் தந்தோருள் ஹென்றி எலியட் முக்கியமானவர். ஆங்கிலேய ஆட்சியின் நன்மையைக் குடிமக்கள் உணர வேண்டும் என்னும் நோக்கத்தை 1849இல் வெளியிட்ட நூலின் முன்னுரையிலேயே அவர் மறைக்காமல் எழுதினார். அவர் தொகுத்தவற்றை டௌசன் 1867 முதல் 1877 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டார். பாரசீக நூல்களிலிருந்து போரும் இடிப்பும் கொடுமையும் மிகுதியாகத் தெரிந்தெடுக்கப்பட்டன. மொழிபெயர்ப்பின் பிழைகள் பலவற்றை ஹோதிவாலா 1939இல் விரிவாகச் சுட்டினார்.

இங்கே நாம் நம் தரப்பையும் ஆராய வேண்டும். மஹ்மூதின் அவைக்கவிஞர் ஃபர்ருகீ, சோமநாதச் சிலை அரேபியாவிலிருந்து தப்பிய மனாத் என்றே பாடினார். சுல்தானுக்குப் புகழ் சேர்க்க எழுந்த மிகையுரைகளே, பிற்காலத்தில் அவருடைய சமயத்தாரைக் குற்றஞ்சாட்டும் சாட்சியங்களாயின. ஓர் அரசின் புகழ்மாலை இன்னோர் அரசுக்கு ஆவணமாயிற்று.

படையெடுப்பை மறுப்பதோ நியாயப்படுத்துவதோ நம் நோக்கமன்று. ஆனால், அதே சோமநாதத்தில் ஹுர்முஸ் வணிகர் நூருத்தீன் ஃபீரூஸ் உள்ளூர்ப் பெருமக்களின் ஒத்துழைப்புடன் நிலம் பெற்றுப் பள்ளிவாசல் எழுப்பியதை 1264ஆம் ஆண்டின் சமஸ்கிருத, அரபுக் கல்வெட்டுகள் கூறுகின்றன. படையெடுப்பு நடந்து இருநூற்று முப்பத்தெட்டு ஆண்டுகளே கழிந்திருந்தன. எண்ணூறு ஆண்டுகள் ஆறாத பகை என்னும் கூற்றுக்கு இந்தக் கல்வெட்டுகள் இடந்தரவில்லை. இவற்றையும் சேர்த்துப் படிப்பதே வரலாறு. விலக்கிவிட்டுப் படிப்பது வழக்குரைஞரின் வாதம் மட்டுமே.