மதிப்பெண் வந்தாச்சு, அப்புறம்?

புற்றுநோயாளிகளுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது பற்றி நான் படித்த ஆய்வுகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச்சுற்றி வருகின்றன: எந்தக் கேள்வித்தாள் அதிகத் துல்லியம்? கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதோடு நின்றுவிடுவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் அதன் நியாயத்தைப் பார்த்துவிடுவோம். 2001ல் வெளியான பிஎச்கியூ-9ல் 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. வழக்கமாக 10 வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். தூக்கம், களைப்பு, பசி பற்றி மூன்று கேள்விகள் அதில் உண்டு. கீமோ எடுப்பவருக்கு இந்த மூன்றிலேயே 9 வந்துவிடலாம். கவனம் கொஞ்சம் சிதறினால் இன்னொன்று. கூட்டிப் பாருங்க, சோகம் என்ற பேச்சே இல்லாமல் 10!

இது புதுசாகக் கண்டுபிடித்த குறையும் இல்லை. 1983ல் வந்த ஹேட்ஸ் என்ற 14 கேள்விப் படிவம் உடல் அறிகுறிகளை வேண்டுமென்றே தவிர்த்தது. 1984ல் ஜீன் எண்டிகாட், புற்றுநோயாளிகளுக்கு அந்த அறிகுறிகளுக்குப் பதிலாக ஒதுங்கியிருத்தல் போன்றவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் அவற்றைத் தூக்கிவிட்டால், மனச்சோர்வினாலேயே தூங்காமல் கிடப்பவரின் தூக்கமின்மை கணக்கில் வராது. எந்தப் பக்கம் போனாலும் கொஞ்சம் இழப்பு உண்டு.

சரி, மிகச் சரியான படிவமே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நோயாளி குணமாகிவிடுவாரா?

ஸ்காட்லாந்தில் நடந்து 2014ல் லான்செட்டில் வெளியான ஸ்மார்ட் ஆன்காலஜி-2 ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. 500 பேர். படிவத்தில் சிக்கியவர்களிடம் அடுத்து நேர்காணலும் நடத்தி, மனச்சோர்வு உறுதியானவர்களை மட்டுமே சேர்த்தார்கள். இரண்டு குழுவுக்கும் விஷயம் அவரவர் மருத்துவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. ஒரு குழு வழக்கமான சிகிச்சைக்கு விடப்பட்டது. இன்னொரு குழுவுக்குப் பயிற்சி பெற்ற புற்றுநோய் செவிலியர்கள், மனநல மருத்துவரின் மேற்பார்வையில், மருந்தும் பேச்சு சிகிச்சையுமாகத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாதத்தில் மனச்சோர்வு பாதிக்குப் பாதி குறைந்தவர்கள் முதல் குழுவில் 17%, இரண்டாவதில் 62%.

அந்த 17% குழுவைக் கவனியுங்கள். அவர்களுக்கும் நோய் சரியாகவே கண்டுபிடிக்கப்பட்டது! இந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் புற்றுநோய் ஓரளவு கட்டுக்குள் இருந்தவர்கள் என்பதால் எல்லோருக்கும் அதே எண் வரும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இடைவெளி பெரிசு.

எங்கள் தொழிலில் சொன்னால், சர்வர் படுத்ததும் அலாரம் அடிக்கிறது. அலாரம் எவ்வளவு துல்லியம் என்பதில் சண்டை போடுகிறோம். ராத்திரி எழுந்து பார்க்க ஆள் போட்டோமா?

அதனால் ஒரு மருத்துவமனை படிவம் கொடுக்கத் தொடங்கினால் நான் கேட்பது இரண்டு. 10 தாண்டியவரிடம் யார், எத்தனை நாளில் பேசுவார்கள்? மொத்தம் 5தான், ஆனால் சாவு பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு 0க்கு மேல் குறித்தவரை அன்றைக்கே யார் பார்ப்பார்கள்? இரண்டுக்கும் ஒரு ஆளைக் கைகாட்ட முடியாவிட்டால், அங்கே திருத்த வேண்டியது படிவத்தை அல்ல.