தானே மறையும் புற்று: ஓர் எண்ணின் மீது ஐயம்

“டாக்டர்கள் கைவிட்ட புற்றுநோய் தானாகவே கரைந்துவிடுமாமே, உண்மையா சார்?” மாமல்லபுரத்தை அடுத்த குப்பங்களிலிருந்து செங்கற்பட்டுக்குப் படிக்க வரும் மாணவர்கள் இப்படிக் கேட்பதுண்டு. உண்மைதான், ஆனால் மிக அரிது. இவ்வளவோடு நிறுத்தினால் வம்பில்லை. எவ்வளவு அரிது என்றால், பல கட்டுரைகள் தயங்காமல் ஓர் எண்ணைத் தருகின்றன: 60,000 முதல் 1,00,000 நோயாளிகளில் ஒருவர். இந்த எண்ணை என்னால் ஏற்க இயலவில்லை.

எவர்சன், கோல் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் இருவர் 1966இல் வெளியிட்ட நூலே இத்துறைக்கு அடிப்படை. மருத்துவ இதழ்களில் 1900 முதல் வந்த செய்திகளைத் துருவி ஆராய்ந்து, 176 நோயாளிகளை மட்டுமே அவர்கள் ஏற்றனர். தக்க சிகிச்சையின்றிக் கட்டி முழுதுமோ ஓரளவோ மறைதல் என்பது அவர்கள் வரையறை; அது ‘குணம்’ ஆகாது என்றும் தெளிவுபடுத்தினர். கதை சொல்வோர் மறந்துவிடும் இடம் இதுதான்! உழைப்பு பெரிது. அதன்மேல் பிறர் ஏற்றிய விகிதம்தான் குறையுடையது.

கல்பாக்கத்தின் அண்டையில் வாழும் நமக்குக் கைகர் எண்ணி புதிதன்று. எண்ணி 176 காட்டினால், வந்த கதிர்களும் 176 என்று எந்த மாணவனும் எழுதமாட்டான். கருவி தவறவிட்டவை எத்தனை, பின்னணி எண்ணிக்கை எத்தனை என்று பார்ப்பான். இங்கே தவறியவை, எந்த இதழிலும் எழுதப்படாத நோயாளிகள்; பின்னணி, புற்றென்று தவறாகக் கணித்தவை. தவிர, பெரும்பாலோர் உடனே சிகிச்சை பெறுகின்றனர். தானே மறைந்திருக்கக்கூடிய கட்டியும் சிகிச்சையின் கணக்கில் சேர்ந்துவிடும். அவர்களையும் சேர்த்து வகுத்தால் வரும் எண்ணுக்கு என்ன பொருள்?

புற்று ஒரே நோயுமன்று. அந்த 176இல் பாதிக்கு மேல் நான்கே வகை: சிறுநீரகப் புற்று, நியூரோபிளாஸ்டோமா, மெலனோமா, கோரியோகார்சினோமா. குழந்தைகளின் நரம்புத் திசுவில் எழும் நியூரோபிளாஸ்டோமாவின் செய்தி வியப்பானது. ஜப்பான் 1980களில் கைக்குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து இக்கட்டியைத் தேடத் தொடங்கிற்று. ஏராளமாக அகப்பட்டன. ஆனால் இத்தகைய தேடல் இறப்பைக் குறைக்கவில்லை என்று ஜெர்மனியிலும் கனடாவிலும் நடந்த ஆய்வுகள் 2002இல் காட்டின. அகப்பட்டவற்றில் பல, ஒருவருக்கும் தெரியாமலே மறைந்திருக்கக்கூடியவை! வீணாகக் கத்தி பட்ட குழந்தைகளும் உண்டு. ஜப்பான் பின்னர் அச்சோதனையைக் கைவிட்டது. இவ்வகைக்கு ‘லட்சத்தில் ஒன்று’ அறவே பொருந்தாது. மற்ற பலவற்றுக்கு அதுவே மிகையாகலாம்.

அண்மையில் இக்கேள்வியைக் கேட்ட மாணவனிடம், யாருக்கு, எங்கே கட்டி, திசுச் சோதனை ஆயிற்றா என்று திருப்பிக் கேட்டேன். பாட்டிக்கு வாயில் ஆறாத புண்; மூன்று மாதமாயிற்று; இன்னும் யாரிடமும் காட்டவில்லை என்றான். மறுநாள் காலையே செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துவரச் சொன்னேன்.