தோலும் பாட்டும்

சங்கீத விமர்சனம் எழுத எனக்கு யோக்யதை கிடையாது. நான் தாளம் போட ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் தாளம் தப்பிவிடும். ஆனாலும் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கோஷ்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2018 ஜனவரி 6-ம் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அவர்களுடைய முதல் கச்சேரி. டைரக்டர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து திரட்டிய 19 பேர். கானாக்காரர்கள், ராப் சொல்கிறவர்கள், கிதார், சட்டி, கட்ட மோளம், பறை. பெண் என்று இசைவாணி ஒருவர்தான். குழுவின் பெயருக்கு வித்திட்டவர் அயோத்திதாசப் பண்டிதர். சினிமாவின் முதுகில் ஏறாமல் ஒரு பாட்டுக் கோஷ்டி நம் நாட்டில் பெயர் வாங்குவது அபூர்வம். ரஞ்சித்தின் பெயர் உதவியது வாஸ்தவம். ஆனால் பெயர் கூட்டத்தைச் சேர்க்குமே தவிர, கடைசிப் பாட்டுவரை நிற்க வைக்காது.

அவர்களிடம் எனக்குப் பிடித்தது கோபமல்ல, வாதம். இடஒதுக்கீட்டைப் பற்றிய பாட்டில் அறிவு, திண்ணையில் உட்கார்ந்து வழக்குப் பேசுவதுபோல் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறார். (அவர் அரக்கோணத்துக்காரர். 2019-ல் வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரிக்கும்வரை ஆம்பூரும் அரக்கோணமும் ஒரே ஜில்லா. எனக்கு அதில் கொஞ்சம் ஊர்ப் பெருமை.) 'ஐ ஆம் ஸாரி ஐயப்பா'வில் இசைவாணி உரிமையோடு தெய்வத்திடமே பேசுகிறார். எல்லோரும் சேர்ந்து முழங்கும் பாட்டுகளில்தான் எனக்கு அலுப்பு. அங்கே கிதார் சட்டியை அமுக்கிவிடுகிறது, பாட்டு கோஷமாகிவிடுகிறது.

ஆம்பூரில் என் அடுத்த வீட்டுப் பெரியவர் நாற்பது வருஷம் தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். பேரன் ஷூ கம்பெனியில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் இந்தப் பாட்டுகளை உரக்க வைத்தான். பெரியவர் முகம் சுளித்தார்.

"சாவுக்கு அடிக்கக் கூப்பிடுவாங்கன்னுதானே ஐயா, அந்த மோளத்தை உட்டுட்டு எங்கப்பன் இந்த ஊருக்கு வந்தாரு? இவன் அதையே காசு குடுத்துக் கேக்குறான்" என்றார்.

"இங்க சாவுக்கு அடிக்கலையே, தாத்தா" என்றான் பேரன்.

இருவர் சொன்னதும் சரி என்றுதான் எனக்குப் பட்டது. அடிமை வேலை என்று அப்பன் விட்டெறிந்த வாத்தியத்தை மேடைமேல் ஏற்றினால் அதன் மானம் திரும்பிவிடுமா? கீழ்ப்பாக்கத்தில் கைதட்டியவர்களுக்கு அது சுலபமான கேள்வி. அடித்த கைக்குச் சுலபமில்லை. இந்தக் கோஷ்டி அதற்குப் பதில் சொல்லிவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஆனால் கேள்வியை என் அடுத்த வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. எத்தனை நாவல்கள் அதைச் செய்தன? என்னுடையவை செய்யவில்லை.

பாட்டு முடிந்ததும் பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு, "அந்தச் சட்டியை மட்டும் இன்னொரு வாட்டி வைடா" என்றார். கேட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

"தோலு நல்லாக் காயலை" என்றார்.