மண்ணிடைப் பொருளும் ஏட்டிடைக் குறிப்பும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

பதுளை நகரிலே நிற்கும் கல்தூண் ஒன்றினை வரலாற்று மாணவர் 'பதுளைத் தூண் கல்வெட்டு' என்ற பெயராலேயே அறிவர். பெயரை மாத்திரம் நம்புவோர் ஏமாறுவர். அத்தூண் பதுளைக்கு உரியதன்று. மகியங்கனையை அடுத்த சொரபொரக் குளத்தின் அயலில், 1857 ஆம் ஆண்டிலே, ஜோன் பெயிலி என்ற ஆங்கில உத்தியோகத்தரின் கண்ணிற் பட்டுப் பின்னர் பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது அது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டினைப் பதிப்பித்த பரணவிதான, அது நான்காம் உதயன் காலத்தது எனக் கொண்டார். ஹோபிடிகம என்ற சந்தையைச் சேர்ந்த வணிகரும் குடிகளும், அதிகாரிகள் முறைகேடாக வரி பறிப்பதை எதிர்த்து, மகியங்கனைக்கு வந்திருந்த மன்னனிடம் முறையிட்டனர் என்பதும், அதன் பயனாகச் சில ஒழுங்குகள் விதிக்கப்பட்டன என்பதும் கல்வெட்டுத் தரும் செய்தி.

தூண் கண்டெடுக்கப்பட்ட இடம் எழுதிவைக்கப்படாது போயிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஹோபிடிகமச் சந்தையை ஆராய்ச்சியாளர் பதுளை நகரின் தெருக்களிலே தேடிக்கொண்டிருப்பர். கல்லில் வெட்டிய எழுத்து அத்தனையும் சிதையாதிருந்தும் பயனில்லை. காகிதத்தில் எழுதிய ஒரு வரிக் குறிப்பே கல்லுக்கு அதன் ஊரை மீட்டுக் கொடுத்தது. பொருளின் மதிப்பு வேறு, பொருள் தரும் சான்றின் மதிப்பு வேறு என்பதும், பின்னது முழுவதும் பதிவையே சார்ந்தது என்பதும் இதனால் விளங்கும்.

கல்தூணுக்கு உண்மையாவது சிறு உலோகப் பொருளுக்குப் பன்மடங்கு உண்மை. தூணைப் பெயர்க்கப் பலர் வேண்டும். பெயர்த்தமை ஊருக்குத் தெரியும். காசோ, வில்லையோ, மோதிரமோ மடியிலே மறைந்து போய்விடும். மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தை ஒலியெழுப்பிக் காட்டிக்கொடுக்கும் கருவிகள் பெருகிவிட்ட இக்காலத்தில் இப்பிரச்சினை மேலும் கூர்மையடைந்துள்ளது. பிரித்தானியாவிலே இக்கருவியைப் பொழுதுபோக்காகக் கையாள்வோர் தொகை பெரிது. 1985 இல் சோல்ஸ்பரி நகருக்கு அண்மையில் அனுமதியின்றித் தோண்டியெடுக்கப்பட்ட வெண்கலப் பொருட் குவியல் ஒன்று வியாபாரிகள் கைக்குச் சென்று சிதறியது. அவை யாவும் ஒரே குழியிற் கிடந்தவை என்பதை நிறுவவும் அக்குழியைக் கண்டுபிடிக்கவும் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த இயன் ஸ்டெட் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. கண்டெடுத்தவர் அன்று மாலை ஒரு தாளில் நான்கு வரி எழுதியிருப்பின் அவ்வுழைப்புத் தேவைப்பட்டிராது. 1997 இல் அந்நாட்டில் தொடங்கப்பட்ட திட்டம் ஒன்று, சாதாரண மக்கள் கண்டெடுக்கும் பொருள்களை அவற்றின் இடத்தோடும் நாளோடும் தானாக முன்வந்து பதியச் செய்கின்றது. இதுவரை பதியப்பட்டவை பத்து இலட்சத்துக்கும் மேல்.

தமிழ்நாட்டு அனுபவமும் நமக்குப் புறம்பானதன்று. கரூரிலே அமராவதி ஆற்று மணலை அரித்தோர் கையிற் சங்ககாலக் காசுகள் அகப்பட்டன. மாக்கோதை, கொல்லிப்பொறை என்ற பெயர்கள் பொறித்த காசுகள் அவ்வூரிலிருந்து வெளிப்பட்டமை சேரர் வரலாற்றுக்குப் பேறு. ஆயினும் வியாபாரிகளின் கையூடாகச் சேகரிப்பாளரை அடைந்த அக்காசுகளுக்கு மண்ணடுக்குச் சான்று இல்லை. எழுத்தமைதி கொண்டே காலம் கணிக்க வேண்டியதாயிற்று. எழுத்தமைதியைப் பற்றிய கருத்து மாறும்போது காசின் காலமும் ஆட்டங்காணுகின்றது.

இலங்கையின் நிலைமை யாது? 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, தொல்பொருள் தேடி அகழ்வதற்குத் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். கருவியோடு இரவிலே புதையல் தோண்டச் சென்று பிடிபட்டோர் பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. புதையல் தோண்டுவோன் குறிப்பு எழுதுவதில்லை. எழுதினால் அதுவே அவனுக்கெதிரான சாட்சி. எனவே சட்டம் தடுப்பது நியாயமே. ஆனால் இச்சட்டம் எதனைத் தொல்பொருள் என்கின்றது என்று நோக்குமிடத்து வேறொரு வினா எழுகின்றது. 1815 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2 ஆம் திகதிக்கு முற்பட்டதே தொல்பொருள் என்பது சட்டத்தின் வரையறை. அது கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள். மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் 1820களிலேதான் தொடங்கின. ஆகவே தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கென வந்த மக்கள் இந்த மண்ணில் விட்டுச்சென்ற பொருள் எதுவும், அது இருநூறு ஆண்டுப் பழமை எய்தினும், இவ்வரையறைக்குள் வாராது. ஓர் அரசின் முடிவைக் குறிக்கும் நாள் ஒரு சமூகத்தின் தொடக்கத்தை வரலாற்றுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றது. இது திட்டமிட்ட சதி என்பதற்கில்லை. சட்டம் எழுதியோர் அம்மக்களை நினைத்தே பார்க்கவில்லை என்பதே பொருந்தும். நினையாமை சதியினுங் கொடிது என்று சொல்வாரும் உளர்.

நாணயவியலாளர் இக்குறையை நிரப்பினரா? லோஸ்லி 1895 இலும், கொட்ரிங்டன் 1924 இலும் இலங்கைக் காசுகள் பற்றிப் பெரும் பணி ஆற்றினர். கொழும்பு நூதனசாலை வெளியிட்ட கொட்ரிங்டனின் நூல் இன்றும் துறையின் அடிப்படை நூலாக விளங்குகின்றது. கோப்பிக் காலத்துக் கம்பனிகள் தொழிலாளருக்கு வழங்கிய தனியார் வில்லைகளும் நாணயவியலார் கவனத்தைப் பெற்றுள்ளன. 1843 ஆம் ஆண்டு பொறித்த ஜோர்ஜ் ஸ்ரூவர்ட் கம்பனியின் வேகந்த ஆலை வில்லை சேகரிப்பாளர் நன்கறிந்தது. ஆயினும் நாணயவியல் அட்டவணை என்ற எழுத்துவகையே வெளியிட்டவன் பக்கம் நின்று பேசுவது. வெளியிட்டவர் பெயர், உலோகம், எடை, விட்டம், முகப்பெழுத்து, அருமை என அதன் நிரல்கள் செல்லும். வில்லையைப் பெற்றவள் யார், எத்தனை கூடைக்கு ஒன்று, எந்தக் கடையிலே எதற்கு மாற்றினாள் என்பவற்றுக்கு அங்கே நிரலே கிடையாது. கூலிக்குச் சாட்சியான ஒரு பொருள் முதலாளியின் விலாசச் சீட்டாக மாறிவிடுகின்றது. கொட்ரிங்டனின் புலமையைக் குறைகூறுவது இதன் நோக்கமன்று. அவர் ஏற்றுக்கொண்ட வடிவத்தின் எல்லை இது.

இவ்வெல்லை ஊவாவிலே எவ்வாறு செயற்பட்டது என்பதற்கு ஓர் இலையும் ஒரு தகரவில்லையும் எடுத்துக்காட்டாகும். 1869 இல் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் கோப்பிச் செடியின் இலையிலே செம்மஞ்சட் புள்ளிகள் காணப்பட்டன. இலை பேராதனைப் பூங்காவிலிருந்த துவெயிட்சிடம் சென்றது. அவரிடமிருந்து இங்கிலாந்திலே பேர்க்லியிடம் சென்றது. அவ்வாண்டிலேயே நோய்ப் பூசணத்துக்கு விஞ்ஞானப் பெயரும் கிடைத்தது. இடம், ஆண்டு, கண்டவர், அனுப்பியவர் யாவும் பதிவாயின. காய்ந்து உதிரும் ஓர் இலைக்கு இத்துணைத் துல்லியமான பிறப்புச் சாட்சிப் பத்திரம் வாய்த்தமைக்குக் காரணம், அதிலே மூலதனத்தின் உயிர் தங்கியிருந்தமையே.

இனித் தகரவில்லையை நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னிந்தியாவிலே ஆள் திரட்டித் தோட்டங்களுக்கு அனுப்பும் முறையில் 'டின் டிக்கட்' என்ற சிறு உலோகத் தகடு புகுத்தப்பட்டது. எந்தத் தோட்டத்துக்கு உரிய ஆள் என்பதைக் காட்டும் குறியீடும் எண்ணும் அதிலே பொறிக்கப்பட்டிருந்தன. வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதை உத்தியோகத்தர் அதைக்கொண்டு அறிந்தனர். ஆளின் பெயருக்குத் தகட்டிலே இடமில்லை. பொருளையும் அதன் பதிவையும் இருவேறாகக் கருதிப் பழகிய நமக்கு இப்பொருள் ஓர் அதிர்ச்சி. ஏனெனில் இது தானே ஒரு பதிவு. மனிதனைச் சரக்காக எழுதிய பதிவு. கங்காணியின் கடனைக் காட்டி ஆட்களைக் கைமாற்றப் பயன்பட்ட துண்டு என்ற காகிதமும் இதன் உடன்பிறப்பே. துண்டுமுறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. காகிதம் கறையானுக்கு இரையாயிற்று. தகடு மண்ணிலே கிடக்கும்.

அத்தகடு ஒன்று இன்று பழைய லயத்தின் அத்திவாரம் கிண்டும்போது வெளிப்படுமாயின் அதற்கு யாது நிகழும்? அது காசன்று, பொன்னுமன்று. கவ்வாத்துக் கத்தி, முள்ளு, சுரண்டி, உடைந்த பித்தளைச் செம்பு ஆகியவற்றோடு சேர்ந்து பழைய இரும்பு வாங்குவோனின் சாக்கிலே நிறைக்கு விழும். அல்லது சேகரிப்பாளர் கைக்குச் சென்று, 'இலங்கை, தோட்ட வில்லை, அரிது' என்ற மூன்று சொல்லோடு விலை பெறும். முன்னையதிலே பொருள் அழிகின்றது. பின்னையதிலே பொருள் எஞ்ச, சான்று அழிகின்றது. தகட்டின் குறியீடு ஒரு தோட்டத்தைச் சொல்ல, கிடைத்த இடம் வேறொரு தோட்டமாக இருப்பின், அவ்விரண்டுக்கும் இடையே ஒரு குடும்பம் இடம்பெயர்ந்த கதை உண்டு. ஓடிப்போனதாக இருக்கலாம், கங்காணி மாற்றியதாக இருக்கலாம், மணம்முடித்துச் சென்றதாகவும் இருக்கலாம். கிடைத்த இடம் எழுதப்படாதவிடத்து அக்கதைக்கு ஒரு முனைதான் மிஞ்சும். ஒற்றை முனையைக் கொண்டு எவரும் கோடு வரைதல் இயலாது.

இது பழம்பொருள் ஆர்வலரின் மனக்குறை மாத்திரமன்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தனர் என்று கேட்டது. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் தொடர்ந்து வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. செக்ரோலும் பேரேடும் துரையின் கந்தோரிலே பூட்டுக்குள் இருந்தன. லயத்திலிருந்த மக்களிடம் ஏடு இல்லை. மூன்று தலைமுறை கொத்திய மண் சாட்சி சொல்லியிருக்கும். அந்த மொழி விண்ணப்பப் படிவத்துக்கு விளங்காது. 1964 இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்கிட்டபோது, அது மீண்டும் தகரவில்லையின் கணக்காகவே இருந்தது: எண் உண்டு, பெயர் இல்லை. 2014 ஒக்ரோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோதும், மண்ணுள் அகப்பட்டோர் எத்தனை பேர் என்ற தொகை நாட்கணக்கில் மாறிக்கொண்டேயிருந்தது.

ஆதலால் தோட்டப் பொருள்களைப் பதியும் முயற்சி நூதனசாலைக்காகக் காத்திருத்தல் தகாது. கம்பளைக்கு அண்மையில் ஓல்ட் பீகொக் தோட்டத்திலே 2007 இல் திறக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒரு நற்றொடக்கம். எனினும் கண்ணாடிப் பெட்டிக்குள் வருவது பொருளின் கடைசிப் பயணம். பதிவு அதன் முதற்கணத்திலே நிகழ வேண்டுவது. இதற்குக் கருவி வேண்டியதில்லை. கருவியோடு பழைய இடங்களைக் கிளறுவது விரும்பத்தக்கதும் அன்று. கானுவெட்டும்போதும், மரக்கறித் தோட்டங் கொத்தும்போதும், கோயில் திருத்தும்போதும் தாமாக வெளிப்படுவனவே போதும். பாடசாலைப் பயிற்சிக் கொப்பி ஒன்றும் ஓர் அளவுநாடாவும் இருப்பின் தொடங்கலாம். நாள், கண்டவர் கூற்று, எவ்வளவு ஆழம், மண்ணின் நிறம், உடன் கிடந்தவை, பொருள் இப்போது யாரிடம் என்பன எழுதப்பட வேண்டும். ஒன்றும் கிடைக்காத இடத்தையும் எழுதுதல் வேண்டும். வெறுமையும் ஒரு செய்தி. அங்கே லயம் இருந்ததில்லை என்பதற்கு அது சான்றாகலாம். பொருளைத் துலக்கிப் பளபளக்கச் செய்தபின் கொண்டுவந்து காட்டும் ஆர்வம் பெரிதும் கேடு விளைப்பது. களிம்பைத் தேய்த்தவன் பொறித்த எழுத்தையும் சேர்த்தே தேய்த்துவிடுகின்றான்.

இடப்பெயர் எழுதுவதிலேதான் பெருஞ்சிக்கல். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்றும் உண்டு. மலைகளுக்குக் கந்தோர் இடும் எண் ஒன்று. கொழுந்தெடுக்கும் பெண்கள் இட்ட பெயர் மற்றொன்று. 1970களில் அரசுடைமையாகிய தோட்டங்கள் 1992 இல் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. முகாமை மாறுந்தோறும் கந்தோர் இட்ட எண்ணும் பிரிவும் மாறக்கூடும். 'ஏழாம் நம்பர் மலை' என்று மாத்திரம் எழுதிவைத்த குறிப்பு இருபது ஆண்டுகளிற் பயனற்றதாகிவிடக் கூடும். எண்ணை எழுதுவோர் அம்மலையின் வாய்வழிப் பெயரையும், அருகிலுள்ள மாறாத அடையாளம் ஒன்றையும், அது காட்டம்மன் கல்லாயினும் நீரோடைப் பாலமாயினும், பக்கத்திலே குறித்தல் வேண்டும். வாய்வழிப் பெயர்களை அறிந்தோர் முதியோர். அவர்களிடம் கேட்டு எழுதும் வேலையை முதலிலே செய்துவிடுவது நன்று.