அடகு மீளாத இசை: ‘ஆர்ட்டிஃபாக்ட்’ ஆவணப்படத்தில் கடனும் நட்சத்திர முகமும்

ராக் இசைக்குழுக்களைப் பற்றிய ஆவணப்படங்கள் பெரும்பாலும் மேடையைக் கொண்டாடுவன. ஒளிவெள்ளம், ஆரவாரம், ஒப்பனை அறையில் சிறு சோர்வு, மீண்டும் மேடை என்பதே அவற்றின் வாய்பாடு. 2012ஆம் ஆண்டு டொராண்டோ பன்னாட்டுத் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டு, ஆவணப்படத்திற்கான பார்வையாளர் விருதையும் பெற்ற ‘ஆர்ட்டிஃபாக்ட்’ மேடையைக் காட்டினாலும் ஓர் ஒப்பந்தப் பத்திரத்தையே கதையின் மையத்தில் வைக்கிறது. ‘தர்ட்டி செகண்ட்ஸ் டு மார்ஸ்’ குழுவின் முதன்மைப் பாடகரும் ஹாலிவுட் நடிகருமான ஜாரெட் லெட்டோ, ‘பார்த்தலோமியு கப்பின்ஸ்’ என்னும் புனைபெயரில் இதனை இயக்கியுள்ளார். வழக்கின் ஒரு தரப்பே வழக்கைப் பற்றிய படத்தையும் எடுத்துள்ளது என்பதை மறவாமல் இதனை அணுகுதல் வேண்டும்.

2007இல் இ.எம்.ஐ. இசை நிறுவனத்தை ‘டெர்ரா ஃபர்மா’ என்னும் முதலீட்டு நிறுவனம் வாங்கியது. ஒப்பந்தப்படி தரவேண்டிய இசைத்தொகுப்புகளைத் தரவில்லை என்று கூறி, 2008இல் அக்குழுவின் மீது மூன்று கோடி டாலர் கோரி வழக்குத் தொடரப்பட்டது. வழக்கு ஒருபுறமும் ‘திஸ் இஸ் வார்’ தொகுப்பின் ஒலிப்பதிவு மறுபுறமுமாகப் படம் நகர்கிறது.

படத்தின் வலிமை கடனை விளக்கும் பகுதிகளில் உள்ளது. பல இலட்சம் இசைத்தட்டுகள் விற்ற பின்னும் குழுவினர் நிறுவனத்திற்குக் கடன்பட்டவர்களாகவே இருந்தனர். முன்பணம், ஒலிப்பதிவுச் செலவு, விளம்பரச் செலவின் பங்கு ஆகியவை கலைஞரின் உரிமைத்தொகைக் கணக்கில் கழிக்கப்படுகின்றன. முழுவதும் கழிந்த பின்னரும் மூல ஒலிப்பதிவு நிறுவனத்திற்கே உரியது. தமிழ் வாசகருக்கு இதனை அடகுக்கடை கொண்டு விளக்கலாம். அசலும் வட்டியும் செலுத்தியவருக்கு நகை திரும்பக் கிடைக்கும். இங்கோ செலுத்தியவருக்குச் சீட்டு மட்டுமே மிஞ்சுகிறது.

குழுவினர் பற்றிக்கொண்ட சட்டத்தின் வரலாறு இன்னும் சுவையானது. வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தை எதிர்த்து நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் தொடுத்த வழக்கில், தனிப்பட்ட பணி ஒப்பந்தம் எவரையும் ஏழாண்டுகளுக்கு மேல் பிணைக்க இயலாது என்பதைக் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் 1944இல் உறுதிசெய்தது. 1987இல் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவோ, தராத தொகுப்புகளுக்காக இசைக்கலைஞர்மீது இழப்பீடு கோரும் வழியை நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. ஒரு நடிகை பெற்றுத் தந்த விடுதலை நடிகர்களுக்கு முழுமையாகவும் பாடகர்களுக்குக் குறையாகவும் அமைந்தது. லெட்டோ இரண்டுமாக இருப்பவர். இந்த முரணைப் படம் ஆழப்படுத்தியிருந்தால் அதன் அரசியல் கூர்மை பெற்றிருக்கும்.

அவ்வாறு நிகழாமைக்கு நட்சத்திர முகமே காரணம் எனலாம். மேளக்கலைஞர் ஷானன் லெட்டோவும் கிட்டார் கலைஞர் டோமோ மிலிசெவிச்சும் உடனிருந்தும், துயரம் பெரும்பாலும் ஒருவர் முகத்திலேயே பதிவாகிறது. நடித்துப் பழகிய முகத்திற்கு எங்கே மௌனம் காக்கவேண்டும் என்பது தெரியும். அதே தொகுப்பின் ஒலிப்பதிவிற்கு இரசிகர்களைத் திரட்டிக் கூட்டுக்குரல் பதிவுசெய்தனர். ஏறத்தாழ 2000 இரசிகர்களின் முகங்களைத் தனித்தனி உறைகளில் அச்சிட்டனர். உறையில் 2000 முகங்கள், திரையில் ஒன்று. 2009இல் குழு அதே நிறுவனத்தோடு மீண்டும் ஒப்பந்தமிட்டது. பழைய ஒப்பந்தத்திற்குக் கிடைத்த விளக்கம் புதியதற்குக் கிடைக்கவில்லை. எதிர்ப்பின் கதையைச் சொல்லவந்த படத்திற்கு இது சிறிய குறையன்று.

‘ஆர்ட்டிஃபாக்ட்’ வெளிவந்த அதே 2012இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திரைப்படத்தில் இடம்பெற்ற பாடல், திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவதற்கு அப்பால் பயன்படும்போது, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமைத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க இயலாது என அத்திருத்தம் வரையறுத்தது. 2017இல் எஸ்.பி.பாலசுப்ரமணியம் அமெரிக்கக் கச்சேரிப் பயணத்தில் இருந்தபோது, அனுமதியின்றித் தம் பாடல்களைப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வழக்கறிஞர் அறிவிக்கை சென்றது. தமிழ்ச் சூழலில் அது இரு பெரியவர்களின் மனக்கசப்பாகவே பெரிதும் பேசப்பட்டது. பாடலின் உடைமை யாருடையது என்ற வினா பின்தள்ளப்பட்டது. முகம் சிக்கலை விழுங்கும் செயல் ஹாலிவுட்டிற்கு மட்டும் உரியதன்று.

அதே ஆண்டு செப்டம்பரில் ஏ.ஆர்.ரகுமானின் வட அமெரிக்கக் கச்சேரிகளைப் பதிவுசெய்த ‘ஒன் ஹார்ட்’ வெளியானது. அதன் வருவாய் இசைக்கலைஞர்களுக்கு உதவும் அறக்கட்டளைக்குச் செல்லும் என அறிவிக்கப்பட்டது. உடன் வாசிப்போரின் முகங்களைக் காட்டுவதில் அது ‘ஆர்ட்டிஃபாக்ட்’டை விடத் தாராளமானது, ஆனால் ஒப்பந்தம் அதன் பேசுபொருளன்று. வாசிப்போரின் பொருளாதாரம் அங்கு அறத்தின் எல்லைக்குள் வருகிறது, உரிமையின் எல்லைக்குள் வருவதில்லை.

இவ்விரு படங்களின் சட்டகத்திற்கும் வெளியே நிற்பவர்கள் மெல்லிசைக் குழுக் கலைஞர்கள். ஆதம்பாக்கம், நங்கநல்லூர் போன்ற பகுதிகளின் திருமண மண்டபங்களிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் இளையராஜா பாடல்களையும் ரகுமான் பாடல்களையும் உயிரோடு வைத்திருப்போர் அவர்களே. அவர்களிடம் முறிப்பதற்கு ஒப்பந்தம் இல்லை. கழிப்பதற்கு முன்பணக் கணக்கும் இல்லை. அன்றைய கச்சேரிக்குப் பேசிய தொகை, கீபோர்டு, தபேலா, பாடகர் எனப் பிரிக்கப்பட்டு, வண்டி வாடகை போக மிஞ்சியது அன்றிரவே கைக்கு வருகிறது.