யோசேப்பின் இரு சோதனைகள்

இறைவனை நம்பியிருத்தலும் தீய தூண்டுதலை வெல்லுதலும் வெவ்வேறு அறங்களாகவே பெரும்பாலும் எண்ணப்படுகின்றன. யூத மறைநூல் மரபோ இவ்விரண்டையும் ஒருவன் வாழ்விலேயே அடுத்தடுத்து வைத்துக் காட்டுகின்றது. அவன் யாக்கோபின் மகன் யோசேப்பு. முதற் சோதனையில் வென்ற அவன் இரண்டாவதில் வழுவினான் என்பது பழைய விரிவுரையாளர் துணிபு. அத்துணிபு மூலநூலோடு பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

முதற் சோதனை ஆதியாகமம் 39-ஆம் அதிகாரத்தில் உள்ளது. எகிப்தில் அடிமையாக விற்கப்பட்ட யோசேப்பைத் தலைவன் போத்திபாரின் மனைவி நாள்தோறும் தன் விருப்பிற்கு அழைக்கின்றாள். தலைவன் தன்மேல் வைத்த நம்பிக்கையையும், அச்செயல் கடவுளுக்கு எதிரான பாவம் என்பதையும் கூறி அவன் மறுக்கின்றான். இறுதியில் மேலாடையையும் விட்டு ஓடுகின்றான். பாபிலோனியத் தல்மூதின் சோத்தா என்னும் பகுதி இதற்கு வியத்தகு உரை ஒன்றைத் தருகின்றது. அன்று அவன் இணங்கும் எண்ணத்தோடே வீட்டினுள் புகுந்தான் என்றும், தந்தையின் உருவம் பலகணியில் தோன்றித் தடுத்தது என்றும் ஆங்கு ஒரு சாரார் கருத்துக் கூறப்படுகின்றது. இஃது யோசேப்பை இழித்துரைப்பதன்று. தீய தூண்டுதல் மனிதனை நாள்தோறும் மேற்கொள்ள முயல்கின்றது. இறைவன் துணையின்றி அதனை வெல்லல் இயலாது எனத் தல்மூதின் கித்துஷீன் பகுதி கூறும். அக்கொள்கைக்கு யோசேப்பின் வரலாறு எடுத்துக்காட்டாகின்றது. எனவே, தூண்டுதலை வெல்லும் வலிமைக்கே இறைநம்பிக்கை அடிப்படை என்பது போதரும்.

இரண்டாம் சோதனை சிறையில் நிகழ்கின்றது. பானபாத்திரக்காரர் தலைவனின் கனவுக்குப் பொருளுரைத்த யோசேப்பு, விடுதலை பெற்றபின் தன்னைப் பார்வோனிடம் நினைவுபடுத்துமாறு அவனை வேண்டுகின்றான். அவனோ மறந்துவிடுகின்றான், அடுத்த அதிகாரம் இரண்டாண்டு கழிந்த செய்தியோடு தொடங்குகின்றது. ஆதியாகமத்திற்குரிய பழைய விரிவுரையாகிய பெரெஷித் ரப்பா, இவ்விரண்டாண்டையும் மனிதனைப் பற்றுக்கோடாகக் கொண்டமைக்குக் கிடைத்த தண்டனை என்கின்றது. வியப்பு யாதெனின், கடவுளை நம்புவோனைப் போற்றும் 40-ஆம் சங்கீத அடியை யோசேப்புக்கே உரியதாக்கி, அதன் பிற்பகுதியைக் கொண்டே அவனைக் குற்றஞ்சாட்டுவதாகும்.

சிறையில் வாடும் குற்றமற்றவன் உதவி கேட்டல் குற்றமாகுமோ என்னும் வினா இங்கு எழும். 11-ஆம் நூற்றாண்டில் இசுபானியாவில் வாழ்ந்த பஹ்யா இப்னு பக்கூதா, 'உள்ளங்களின் கடமைகள்' என்னும் தம் நூலின் நான்காம் வாயிலில் இறைநம்பிக்கையை விரித்துரைத்தார். உழைப்பும் முயற்சியும் மனிதன் கடமை. ஆயினும் பயனை முயற்சியினின்று எதிர்பாராது இறைவனிடமே எதிர்பார்த்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. தூண்டுதலின் சூழ்ச்சிகளை அவர் விரித்துரைப்பது அடுத்துவரும் ஐந்தாம் வாயிலில் ஆகும். 19-ஆம் நூற்றாண்டினரான யோசேஃப் தோவ் சொலொவெய்ச்சிக், பொதுமக்களுக்கு ஏற்புடைய முயற்சி, உயர்ந்த நம்பிக்கை நிலை எய்திய யோசேப்புக்குக் குறையாயிற்று என அமைதி கூறினார். இவ்வமைதி நுட்பமானதே, ஆயினும் மூலநூலின் சொற்களில் ஊன்றியதன்று.

மூலத்தையே நோக்குவோம். போத்திபாரின் மனைவிக்கு மறுமொழி கூறுங்கால் யோசேப்பு கடவுளைக் குறிக்கின்றான். சிறையில் கனவின் பொருள் கடவுளுக்கே உரியது என்கின்றான். ஆனால், அதே சிறையில் தன் விடுதலையை வேண்டுங்கால் கடவுளின் பெயர் அவன் வாயில் இல்லை. ஈராண்டின் பின் பார்வோன் முன்னிலையில் நிற்கும்போதோ, விடையளிப்பவர் கடவுளே எனத் தொடங்குகின்றான். இம்மௌனம் ஒன்றே குற்றத்தை மெய்ப்பிக்கப் போதாது எனின், அஃது உண்மையே. மூலநூல் அவனை வெளிப்படையாகப் பழிக்கவுமில்லை. ஆயினும், முன்னும் பின்னும் உள்ள சொல் இடையில் இல்லாமை விரிவுரையாளர் கருத்துக்கு அரண் செய்கின்றது.

அன்றியும், பார்வோன் முன் பேசிய அதே யோசேப்பு, ஏழு வளமான ஆண்டுகளின் விளைவில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்கும் திட்டத்தை வகுக்கின்றான். இதனினும் பெரிய முயற்சி யாது? அது நாட்டைப் பஞ்சத்தினின்று காத்தது. ஆகவே குறை முயற்சியில் இல்லை. முயற்சியின்போது யாரை நினைத்தான் என்பதிலேயே உள்ளது எனல் தகும்.

இவ்வாறு காணின் இரு சோதனைகளும் ஒன்றே ஆகின்றன. கண்முன் உள்ள இன்பமும் கண்முன் உள்ள உதவியாளனும், காணப்படாத இறைவனை மறக்கச் செய்யும் வலிமையுடையன. இன்பத்தின் முகத்தில் தீமை எளிதில் தெரியும். உதவியின் முகத்தில் அது தெரியாது. அதனாலேயே முன்னதை வென்ற சான்றோனும் பின்னதில் தளர்ந்தான். பழைய விரிவுரையாளரின் தீர்ப்பு கடுமையானதாயினும், மனித உள்ளத்தை நன்கறிந்தோர் தீர்ப்பு என்றே நாம் கொள்கின்றோம்.