பாறு கழுகும் மருந்துக்கடையும்

ராஜஸ்தானின் பரத்பூரில், கேவலாதேவ் பூங்காவில், 1980-களின் இறுதியில் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் 353 பாறு கழுகு இணைகளை எண்ணிவைத்தார். 1996-இல் அதில் பாதிகூட இல்லை. இன்னும் சில ஆண்டுகளில் ஒன்றுமே மிஞ்சவில்லை. அந்தப் பழைய கணக்கு இருந்ததால்தான் சரிவு தெரிந்தது. மற்ற ஊர்களில் யார் எண்ணினார்கள்? செத்த மாட்டைச் சுற்றிக் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் பறவையை எண்ணிவைக்க யாருக்கும் தோன்றாது.

கொத்துக்கொத்தாகச் சாகிறதென்றால் தொற்றுநோய்தான் என்று நினைத்தார்கள். இயல்பான நினைப்புதான், ஆனால் அதிலேயே சில ஆண்டுகள் கரைந்தன. பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸின் ஆய்வுக்குழு இறந்த பறவைகளை அறுத்தபோது, உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் கெட்டிருக்கிறது. பூச்சிமருந்து, உலோக நஞ்சு, கிருமி எதுவும் பிடிபடவில்லை. பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்த காரியம்: கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக்கடைகளிலும் போய், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய, புதிதாகப் புழக்கத்துக்கு வந்த மாட்டு மருந்து எது என்று விசாரித்தார்கள். டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து அகப்பட்டது. வெண்படிவம் இருந்த 25 பறவைகளிலும் அது இருந்தது. படிவம் இல்லாத 13-இல் ஒன்றில்கூட இல்லை. 2004-இல் வெளியான இந்த முடிவைப் போலத் தெளிவானது சூழலியலில் அபூர்வம்.

2006-இல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தருவதை இந்தியா தடுத்தது. மாற்றாக மெலாக்சிகம் என்ற வேறொரு வலிமருந்தைக் காட்டியதும் ஆய்வுதான். ஆனால் மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக்கின் 30 மில்லி குப்பி மாட்டுக்கும் வசதியாக இருந்தது. அதை 3 மில்லியாகச் சுருக்க 2015 ஆயிற்று.

கழுகு அழிந்ததால், செத்த மாடுகள் அழுகி, நாய்கள் பெருகி, தண்ணீர் கெட்டு, 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று 2024-இல் ஃபிராங்க், சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் மதிப்பிட்டார்கள். கழுகு வாழ ஏற்ற மாவட்டங்களையும் மற்றவற்றையும் ஒப்பிட்டுப் பெற்ற எண் அது. கவனமான ஒப்பீடுதான், ஆனாலும் எந்தச் சாவு நாய்க்கடியால், எது கெட்ட தண்ணீரால் என்று அது பிரித்துச் சொல்லாது. அறுத்துக் கண்டதற்குச் சமமாக இதை வைக்க எனக்கு மனமில்லை.

என் பெரிய குறை வேறு. ஒரு மருந்தை நிரூபித்தாலும், அடுத்த மருந்துக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. மருந்து நஞ்சா என்று அறிய, அதைக் கழுகுக்கே ஊட்டிப் பார்க்கிறார்கள். அசெக்ளோஃபெனாக் என்ற இன்னொரு வலிமருந்து மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. இருந்தும் அதற்குத் தடை வந்தது 2023-இல்தான்.